ஓய்வுநாளில் பிடுங்கிய கிளைகள்

மதியத்திலிருந்து ஜன்னலை விட்டு என்னால் நகர முடியவில்லை. கூரையிலிருந்து உருகிய பனி விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் கல்லாக இறுகிக் கிடந்த விரிகுடா, இப்போது நடுவில் இளகிப் பழுப்பேறித் தெரிந்தது.

அதன் மேல் நடந்துதான் என் கணவர் ஈவன் விடியற்காலையில் அக்கரைச் சபைக்குப் பிரசங்கம் செய்யப் போயிருந்தார். வழக்கமாக அங்கேயே தங்கித் திங்கட்கிழமை திரும்புவார். எனக்கு மாதம் நிறைந்துவிட்டதால், இந்த முறை இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் கேப் பிரெட்டன் தீவில் குளிர்காலம் முழுக்க விரிகுடாதான் எங்களுக்குச் சாலை. பனிக்கட்டியில் துளையிட்டு வரிசையாகத் தேவதாருக் கிளைகளை நட்டு வைப்போம். கிளை நிற்கும்வரை வழி பத்திரம். பனி இளகியதும் முதல் வேலையாகப் பிடுங்கிவிட வேண்டும். அது எங்கள் சபை மூப்பர் ஹெக்டரின் பொறுப்பு.

கிளைகள் எல்லாம் அப்படியே நின்றன.

சால்வையைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஹெக்டர் அடுப்பருகே வேதாகமத்துடன் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இன்னும் கிளையைப் பிடுங்கலை, மூப்பரே?"

"இன்னிக்கு ஞாயிறு, வேலை செய்யக்கூடாத ஓய்வுநாளாச்சே அம்மா. விடிஞ்சதும் பிடுங்கிடுறேன். நம்ம போதகர் ஐயரும் நாளைக்குத்தானே வருவாரு?"

"இன்னிக்கு வர்றாரு! என்னைப் பார்த்தா தெரியலையா?"

என் வயிற்றைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"போன மாசம் ஓய்வுநாள்ல சாய்ஞ்ச வேலியை நிமிர்த்தினதுக்கே உங்க வீட்டுக்காரரு என்னைச் சபை நடுவுல எழுப்பி நிக்க வெச்சாரு. இன்னிக்குக் கோடாலியைத் தொட்டா..."

"அவரு முழுகிட்டா உன்னை நிக்க வைக்க ஆளே இருக்காது. எழுந்திரிய்யா!" என்று அவர் மனைவி கேட்டி கோடாலியைக் கையில் திணித்தாள்.

மூவரும் கரைக்கு விரைந்தோம். முதல் கிளையை நானே இழுத்தேன். ஆடுகிற பல் போலச் சுலபமாக வந்துவிட்டது. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. ஹெக்டர் கோடாலிக் காம்பால் பனியைத் தட்டிப் பார்த்தபடி அடுத்த கிளைக்குப் போனார்.

அப்போது அக்கரையில் ஒரு கறுத்த உருவம் பனியில் இறங்கியது. அந்த நடை எனக்குத் தெரியாதா?

"வராதீங்க!" என்று கத்தினேன். காற்று என் குரலை வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஹெக்டர் கோடாலியை ஆட்டினார். ஈவன் ஒரு கணம் நின்றார். பிறகு, பிரசங்க மேடையில் கண்டிக்கும்போது தூக்குவாரே, அதே மாதிரி கையைத் தூக்கியபடி இன்னும் வேகமாக நடந்தார்.

"ஐயோ, திட்ட வர்றாரும்மா! கோடாலியைப் பார்த்துட்டாரு."

அவருக்கும் பழுப்புப் பனிக்கும் நடுவே நாலைந்து கிளைகள்தான் பாக்கி.

"பாடுங்க மூப்பரே!" என்றேன். "கோயில்ல பாடுற மாதிரி பாடுங்க!"

எங்கள் கோயிலில் பாட்டுப் புத்தகம் கிடையாது. ஹெக்டர்தான் வேதாகமச் சங்கீதத்தை ஒவ்வொரு வரியாக நீட்டிப் பாடிக் கொடுப்பார். சபை அசையாமல் கேட்டு, அந்த வரியைத் திருப்பிப் பாடும்.

ஹெக்டர் மூச்சை இழுத்தார். "பனி... இளகிப்போச்சு... ஐயரே... திரும்பிப் போங்க..."

சங்கீத ராகத்தில் அந்தக் குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ஈவனின் கால்கள் நின்றன. கைத்தடியால் முன்னால் குத்தினார். தடி பாதிவரை உள்ளே இறங்கியது. பிறகு தன் காலடித் தடங்களிலேயே பின்னோக்கி நடந்தார். அவர் அக்கரையைத் தொடும்வரை கேட்டியின் கையை நசுக்கிப் பிடித்திருந்தேன்.

சற்றுக் கழித்து அக்கரையிலிருந்து மெல்லிசாகக் கேட்டது: "பனி... இளகிப்போச்சு..."

ஹெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வழக்கம்போல ராகத்தை விட்டுட்டாரு."

சிரித்தேன். சிரிக்கும்போதே முதுகில் சுரீரென்று முதல் வலி எடுத்தது. கேட்டியின் தோளில் சாய்ந்தேன்.

"இன்னொரு வரி பாடுங்க மூப்பரே. கரை வழியா சுத்தி வரச் சொல்லுங்க. சீக்கிரம்!"