ஜப்பான் முழுவதும் கனடா போய்விட்டது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. இது ஒரு கொட்டாவியில் இருந்து வந்தது.

(நல்ல தொடக்கம் இல்லை. இன்னொன்று.)

லா சப்பலில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்

(மழை பெய்யவில்லை. கதை தொடங்குவதற்காக மழையைக் கூப்பிடக் கூடாது.)

சரி, நடந்தபடியே எழுதுகிறேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தவசீலன் அண்ணைக்கு ஒரு கடை இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ரெலிபோன் கபின்கள் வரிசையாக இருந்தனவாம். சனம் உள்ளே நின்று வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் கத்திக் கதைக்குமாம். இப்போது கடை முழுக்கப் போன் உறைகளும் சார்ஜர்களும் தொங்குகின்றன. கபின்களில் மூன்றாவது மட்டும் மிச்சம். அதன் மூன்று பக்கமும் போர்வை அடித்து, கண்ணாடிக் கதவை அப்படியே விட்டு, உள்ளே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, அண்ணை வெளிநாட்டுப் படங்களுக்கு யாழ்ப்பாணத் தமிழில் குரல் கொடுத்து யூடியூப்பில் போடுகிறார். உரிமை யாரிடம் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அண்ணை யாரையும் கேட்கவில்லை.

இந்த முறை அவருக்குக் கிடைத்தது பழைய சாமான் சந்தையில் உறை இல்லாமல் கிடந்த ஒரு ஜப்பான் படம். பெயர் தெரியாது. பேச்சு ஜப்பான் மொழி, கீழே பிரெஞ்சு எழுத்து. அந்தப் பிரெஞ்சைப் பார்த்துத் தமிழில் வசனம் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. பக்கத்து அழகு நிலையத்தில் புருவம் எடுக்கும் திலகம், அதாவது என் அம்மா, என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்தையும் விட்டிட்டாள். நாள் முழுக்கக் கொப்பியிலை என்னவோ எழுதுறாள். அதை உங்களுக்கு எழுதட்டுமன்."*

* என் கொப்பிகளில் காதல் இருக்கிறது என்று அம்மா பயப்படுகிறார். பெரும்பாலும் உலகம் அழிவதைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று தெரிந்தால் நிம்மதியடைவார்.

2

படத்தில் ஒரு நோய் வருகிறது. அதன் முதல் அறிகுறி கொட்டாவி. ஒரு ரயில் பெட்டியில் ஒருவர் வாயைத் திறக்கிறார். எதிரே இருப்பவர் திறக்கிறார். பெட்டி முழுதும் திறக்கிறது. அடுத்த காட்சியில் ரயில் மட்டும் ஓடுகிறது. பிறகு ஊர்கள் காலி, பாலங்கள் காலி, ஒரு பெரிய கடையில் தானியங்கிக் கதவு யாருக்காகவோ திறந்து திறந்து மூடுகிறது. தப்பியவர்கள் ஒரு தீவில் கூடி, ஒருவர் வாயை ஒருவர் பார்க்காதபடி முதுகைக் காட்டிக்கொண்டே வாழ்கிறார்கள். கல்யாணம்கூட முதுகோடு முதுகு ஒட்டித்தான் நடக்கிறது.

கொட்டாவியைப் பார்த்தால் கொட்டாவி வரும். வாசித்தாலும் வரும். (வந்துவிட்டதா? எனக்கு எழுதும்போதே வந்தது.)

முதல் நாள் படம் போட்டபோது கடையில் இருந்த எல்லாருக்கும் வந்தது. அண்ணை வாய்க்கு முன்னால் விரலைச் சொடக்கினார். மர்கரீத் மதாம் சிலுவை போட்டார். ஐங்கரன் வாயை இரண்டு கைகளாலும் பொத்தினான். பிறகு எல்லாரும் கதிரைகளை ஒருவரிடமிருந்து ஒருவர் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்தத் தூரம் எங்கள் கைகளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

(பாத்திர அறிமுகத்தை மறந்துவிட்டேன். மர்கரீத் மதாம் புதுச்சேரிக்காரர், மேரியில், அதாவது நகரசபையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படத்தில் பிரதமருக்கும் எல்லாத் தாய்மாருக்கும் அவர்தான் குரல். ஐங்கரன் எதிர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். படத்தில் மருந்து கண்டுபிடிக்கும் விஞ்ஞானி.)

3

மர்கரீத் மதாம் நான் எழுதிய வசனத்தின் முதல் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா எழுதியிருக்க? 'நான் சாகப் போகிறேன்'னு என் வாயாலயே சொல்லணுமா? ரெத்ரேத் வாங்கி இப்பதான் காலைல ஏழு மணி வரைக்கும் தூங்குறேன். நோன். வேற எழுது."

"எனக்கும் மாத்து தங்கச்சி" என்றான் ஐங்கரன். "அடுத்த கிழமை பிறெபெக்சியூரிலை ரான்டவூ, விசா காட்டுக்குக் கூப்பிட்டிருக்கினம். காட் கைக்கு வர முதல் நான் சாகேலாது."

"டேய், நடிப்படா!"

"அப்ப நீங்கள் சாகுங்கோவன் அண்ணை."

தவசீலன் அண்ணை கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டார். "நான் செத்தா றெக்கோடிங் மெசினை ஆர் பார்க்கிறது?"

சிரிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கடைக்குப் போகும்போதுகூட 'போறன்' என்று சொல்லாமல் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லும் சனம் நாங்கள். நாக்கில் வந்தது நாளைக்கு வாசலில் நிற்கும்.

நான் 'காலமானார்' என்று மாற்றினேன். அது மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறது என்றார்கள். 'இறைவனடி சேர்ந்தார்' என்று மாற்றினேன். எந்த இறைவன் என்று மதாம் கேட்டார். 'கண்ணை மூடினார்' என்றதற்கு, படத்தில் அந்த ஆள் கண்ணைத் திறந்தபடிதான் விழுகிறார் என்று அண்ணை காட்டினார்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது விஞ்ஞானிதான்.

"செத்துப்போனான் எண்டு ஏன் எழுதுறாய்? கனடா போட்டான் எண்டு எழுது. ரெண்டும் ஒண்டுதான். போனவங்கள் ஆரும் திரும்பி வாறேல்லை."

4

ஆகவே தமிழில் இந்தப் படத்தின் கதை பின்வருமாறு:

ஜப்பானில் ஒரு கொடிய நோய் பரவுகிறது. அது பிடித்தவர்கள் கனடா போய்விடுகிறார்கள். பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, "நேற்று மட்டும் ஒரு லட்சம் பேர் கனடா போய்விட்டார்கள், மக்கள் பதற்றப்பட வேண்டாம்" என்கிறார். விஞ்ஞானி ஆய்வுகூடத்தில் கனடாவுக்கு எதிராகத் தடுப்பூசி கண்டுபிடிக்கப் பார்க்கிறார். எலிகள் ஒவ்வொன்றாகக் கனடா போகின்றன. வீதிகளில் கனடா போனவர்கள் குவிந்து கிடக்கிறார்கள். (இந்த இடத்தில் தர்க்கம் கொஞ்சம் இடிக்கிறது. தெரிகிறது.)

ஒரு தாய் மகனின் கட்டிலில் விழுந்து கதறும் காட்சி வந்தது. மர்கரீத் மதாம் கபினுக்குள் போனார்.

"என்ன விட்டுட்டுக் கனடா போயிடாதடா! போயிடாத, என் ராசா!"

உண்மையாகவே அழுதார். கதவுக் கண்ணாடி முழுக்க மூச்சுப் படிந்துவிட்டது. வெளியே வந்து மூக்கைத் துடைத்தபடி, "என் பையன் தியரி கனடாவுல, மோன்ரேயால்லதான் இருக்கான். நோயேல் பண்டிகைக்கு மட்டும் மெசாஜ் போடுவான்" என்றார்.

அண்ணை அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். இதைவிட நல்லாய் வராது என்றார்.

5

இங்கேதான் சிவரஞ்சினி அக்கா வருகிறார். அவரை எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் இந்தப் பக்கத்தை நாலு தடவை கிழித்தேன். கதவு திறந்தது, காற்று வீசியது, ஒரு நிழல்

(அக்கா நிழல் இல்லை. ரோல்ஸ் பெட்டியோடு வந்தார்.)

ஐங்கரன் வேலை செய்யும் அதே உணவகத்தில் மரக்கறி வெட்டுகிறவர். இடைவேளையில் எங்களுக்குப் பிளேன்ரீயும் ரோல்ஸும் கொண்டுவருவார். அன்று அண்ணை போட்டுக்கொண்டிருந்த பதிவை நின்று கேட்டார்.

"இந்தப் படத்திலை ஏன் எல்லாரும் கனடா போகினம்?"

ஐங்கரன் கடித்த ரோல்ஸை விழுங்காமல் நின்றான். "அது... செத்ததுகளை அப்பிடிச் சொல்லுறம் அக்கா. வாயாலை சொல்லக் கூடாதெண்டு."

"அப்ப என்ரை மனுசனும் கனடாவிலையோ?"

அண்ணை பதிவை நிறுத்தினார். அக்காவின் கணவர் தர்மராசா, கொரோனாவுக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த வசந்த காலத்தில், ஆஸ்பத்திரியில் இறந்தவர்.

"அஞ்சாறு வருசமாய் ஒரு போனில்லை. வரட்டும், நல்லாய்க் கேக்கிறன்." அக்காதான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டுத் தாள்களை என் கையிலிருந்து எடுத்தார். "ஆராருக்குச் சாகப் பயமோ அவையின்ரையை எல்லாம் எனக்குத் தாங்கோ. நான் சாகிறன். எனக்கு இனி என்ன அமங்கலம் வரக் கிடக்கு?"

எல்லாரும் உடனே சம்மதித்தார்கள்.

(இந்த 'உடனே'யை வெட்டலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

கனடாவை எல்லா இடத்திலும் அடித்துச் சாவை எழுதினேன். மர்கரீத் மதாமின் அழுகையை மட்டும் யாருக்கும் அழிக்க மனம் வரவில்லை. ஆகவே படத்தில் ஒரே ஒரு பையன் கனடா போகிறான், மற்ற எல்லாரும் சாகிறார்கள்.

அக்கா கபினுக்குள் போய்ச் சாகத் தொடங்கினார். பிரதமர் மதாமின் குரலில் பேசிக்கொண்டே வந்து கொட்டாவி விடுவார். அந்த நொடியிலிருந்து அக்காவின் குரல். மீசை வைத்த தளபதி கொட்டாவி விடுவார். அக்காவின் குரல். பைலட், மீனவர், பள்ளிப் பிள்ளை, மதகுரு எல்லாருக்கும், நோய் பிடித்ததும் லா சப்பலில் மரக்கறி வெட்டும் ஒரு பெண்ணின் குரல் வந்துவிடும். பார்க்க முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ஜப்பானில் நோய்க்கு உடம்பு மட்டும்தான் இருந்தது. தமிழில் அதற்குக் குரலும் கிடைத்தது.

"அந்த நாயும் கொட்டாவி விடுது" என்றார் அண்ணை தயங்கியபடி.

"அதையும் தாங்கோ."

முதல் வரைவில் இந்த இடத்தில் அக்காவை அழவைத்திருந்தேன். அழவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, "செத்துச் செத்துப் பசிக்குது. ரோல்ஸ் மிச்சமிருக்கோ?" என்றார்.

6

இனி ஒரே ஒரு காட்சி.

படத்தின் கடைசி. கண்ணாடி அறைக்குள் ஒரு மனிதர் படுத்திருக்கிறார். வெளியே அவர் மனைவி. தீவில் பழகியபடி முதுகைக் காட்டி நின்றவள், மெல்லத் திரும்பி அவரைப் பார்க்கிறாள். அவர் ஏதோ சொல்கிறார். ஒரு நிமிடம் போல வாய் அசைகிறது. சத்தம் இல்லை. கீழே பிரெஞ்சும் இல்லை. படம் முடிந்துவிடுகிறது.

"இதுக்கு வசனம் இல்லை. அப்பிடியே விடுவம்" என்றேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடாதை" என்றார். "எனக்கும் உப்பிடித்தான். நேர்ஸ் பிள்ளை வீடியோக் கோல் எடுத்துத் தப்லெத்தை அவருக்கு முன்னாலை பிடிச்சவள். அவர் கதைச்சவர். வாய் மட்டும் அசைஞ்சது, சத்தம் வரேல்லை. நான் 'கேக்கேல்லை, கேக்கேல்லை' எண்டு கத்தினன். நான் கோவிக்கிறன் எண்டு நினைச்சிருப்பார்."

பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீ எழுது, பிள்ளை. இந்தாள் என்ன சொல்லுறார் எண்டு எழுது. ஆனா கவிதை மாதிரி எழுதிப்போடாதை. அவர் அப்பிடி ஆளில்லை."

7

எழுதியவை:

"என்னை மன்னிச்சிடும்."
அக்கா நிமிர்ந்தார். "எதுக்கு மன்னிப்பு? என்ன செய்தவர்?" அரை மணித்தியாலம் அதே சந்தேகத்தோடு இருந்தார். வெட்டினேன்.

"நீர் சாப்பிட்டீரோ?"
"அதைத்தான் கேட்டிருப்பார்" என்று அக்கா தலையாட்டினார். பிறகு, "ஆனா ஒரு நிமிசம் முழுக்கவோ?" வெட்டினேன்.

மர்கரீத் மதாம் வாயசைவோடு சேர்த்துப் பிரெஞ்சில் ஒரு செபம் சொல்லிப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. "அவர் சைவம், மதாம்" என்றார் அக்கா. "ஒரு நிமிஷம் செபம் சொன்னா என்னம்மா இப்ப?" என்றார் மதாம்.

"சனலை சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லலாம்" என்றார் அண்ணை. ஒருவரும் சிரிக்கவில்லை. "பகிடிக்கு" என்று மெசினுக்குப் பின்னால் போய்விட்டார்.

"இஞ்சாரும், எனக்குக் கேக்குது. நீர் கத்துறது எனக்கு நல்லாய்க் கேக்குது. உமக்குத்தான்
(இதை முடிக்கவில்லை. அக்காவிடம் காட்டவும் இல்லை.)

8

இதற்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

ஒன்று: காட்சி மௌனமாகவே போகிறது. சினிமா தெரிந்தவர்கள் பாராட்டுவார்கள். அக்கா ரோல்ஸ் பெட்டியை மூடிக்கொண்டு வேலைக்குப் போவார்.

இரண்டு: ஐங்கரனுக்குக் காட் கிடைக்கிறது, துணிவு வருகிறது, அவன் அந்த மனிதராகச் செத்துக் கொடுக்கிறான். ஐங்கரன் இதை வாசித்துவிட்டு, ரான்டவூவைப் பின்போட்டுவிட்டார்கள், இப்போதைக்குச் சாவு இல்லை என்றான்.

மூன்று: நான் சொல்கிறேன். எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் அக்காவால் செய்ய முடியாது. "எல்லாருக்காகவும் செத்தாச்சு. உள்ளை நிண்டு நானே சொன்னா, வெளியிலை நிண்டு ஆர் கேக்கிறது?" என்று சொல்லிவிட்டார். ஆனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டதே வாய்மொழிப் பரீட்சைக்கு முதல் நாள். எனக்கு எழுதத்தான் தெரியும்.

இந்த வரியை எழுதும்போது அண்ணை மெசினைப் போட்டுவிட்டார். மூன்றாம் கபினின் கதவு திறந்திருக்கிறது. மைக்குக்கு முன்னால் நான் வைத்த தாளில் ஒன்றும் இல்லை. அக்கா வெளியே, முந்தி ஊருக்குப் போன் எடுக்க எல்லாரும் தங்கள் முறைக்குக் காத்து நின்ற இடத்தில், ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஐங்கரன் நிலத்தைப் பார்க்கிறான். மதாம் கொட்டாவியை அடக்குகிறார். திரையில் அந்த மனிதர் வாயைத் திறக்கப் போகிறார்.

இவ்வளவு தூரம் வாசித்த நீங்கள்தான் இப்போது கபினுக்கு மிகக் கிட்ட நிற்கிறீர்கள். உள்ளே போங்கள். கதவைச் சாத்துங்கள். மன்னிப்பு வேண்டாம், கவிதை வேண்டாம், கனடா வேண்டாம். ஒரு நிமிடம் இருக்கிறது.

மனதுக்குள் வாசிக்காதீர்கள். வாயைத் திறந்து, சத்தமாகச் சொல்லுங்கள். அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை கேட்காமல் போய்விட்டது.