பந்தடியில் ஒரு கல்

மத்தியாஸ் தரையோடு உருட்டி உதைக்கும் பந்து வலது கம்பத்தை ஒட்டி உள்ளே போகும். தப்பவே தப்பாது என்று தோட்டத்தில் பேச்சு. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம்தான் அவன் பழகும் இடம். ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்ததும் வந்து, பந்தை வைத்து, உருண்டுவிடாமல் இடப்பக்கம் ஒரு சிறு கல்லை முட்டுக் கொடுத்து, பொழுது சாயும்வரை உதைப்பான். கூட்டாளி பிச்சைமுத்து கோல் காப்பான்.

ஈப்போ நகரில் ஈயச் சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று தன் பந்தாட்டக் குழுவுக்கு ஆள் தேடியது. குழுவில் சேர்ந்தால் பட்டறையில் வேலை, நகரின் சிலிபின் பகுதியில் குடியிருக்க ஓர் அறை. மத்தியாசுக்கு அந்த அறைதான் வேண்டும். காய்ச்சலில் போன இரண்டு பிள்ளைகளைத் தோட்டத்து மண்ணில் புதைத்திருந்தான். மனைவி கத்தரினுக்கு இப்போது ஏழாம் மாதம்.

"இதாவது லயத்துல பொறக்க வேணாங்க," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, மத்தியாசும் பிச்சைமுத்துவும் ஈப்போத் திடலுக்குப் போனார்கள்.

"நாலு உதை உதைச்சுப் பாரு மச்சான். புது எடம்லா," என்றான் பிச்சைமுத்து.

"எதுக்கு? நெதமும் உதைக்கிற காலுதானே."

ஆள் எடுக்க வந்தவர் பட்டறையில் கணக்கெழுதும் கிராணி சூசைநாதன். அவர், "மூணு உதை, தம்பி," என்று பந்தைக் கொடுத்தார். மத்தியாஸ் அதைத் தரையில் வைத்துவிட்டு, பழக்கத்தில் கல்லைத் தேடினான். புல்லில் கல் இல்லை. கல் இல்லாமலே பந்து அசையாமல் நின்றது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

உதைத்தான். பந்து வலது கம்பத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் போனது.

"அண்ணே, கோல் இந்தப் பக்கம்! ஸ்டேசனுக்கு ஏன் உதைக்கிறீங்க?" என்று யாரோ கத்த, திடலே சிரித்தது.

இரண்டாவதும் அதே வழியில் அதே அளவு விலகியது. பதறி உதைக்கிறவனின் பந்து கண்டபடி சிதறும். இது அப்படிச் சிதறவில்லை. கால் தான் கற்றதைக் கொஞ்சமும் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. மத்தியாசுக்கு அது தெரியவில்லை. பாதத்தை எங்கே ஊன்றுகிறோம், கணுக்காலை எவ்வளவு திருப்புகிறோம் என்று முதன்முறையாக யோசித்தான். படியிறங்கும்போது எந்தக் காலை அடுத்து வைப்பது என்று யோசிப்பவன் தடுக்கி விழுவான். தானாக ஓடும் வேலைக்கு மனசு குறுக்கே வரக்கூடாது. மூன்றாவது உதையில் கட்டைவிரல் தரையில் இடித்தது. பந்து தவழ்ந்துபோய்க் கோல் காப்பவன் கையில் தானாக ஏறியது.

"அடுத்த வருசம் பாப்போம், தம்பி," என்றார் சூசைநாதன். குரலில் கோபமில்லை.

தோட்டம் திரும்பும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெரட்டுக் களத்தில் தண்ணீர் மெல்லிய தகடாக ஓடி இடப்பக்கத்துச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. மத்தியாஸ் நின்றான். பந்தை வழக்கமான இடத்தில் கல்லில்லாமல் வைத்தான். அது சற்று யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, இடப்பக்கம் உருண்டு சாக்கடைக்குள் போனது.

களத்தின் சரிவு பந்தை இடப்பக்கம் இழுத்திருக்கிறது. அதற்கு ஈடாகக் கால், அவனுக்குச் சொல்லாமலே, கம்பத்துக்கு வெளியே குறிபார்க்கப் பழகியிருக்கிறது. சமதரையில் இழுக்கச் சரிவு இல்லை. குறிபார்த்த இடத்துக்கே பந்து போனது. பெரட்டில் தினமும் நின்ற களம், ஆனால் அதன் சரிவை அவன் கவனித்ததில்லை. முட்டுக் கல்லை வைத்ததும் அவன் கைதான்.

பிச்சைமுத்து பந்தை எடுத்துத் துடைத்தான். "தெரிஞ்சுபோச்சுல்ல மச்சான். இனிமே சமமான எடமாப் பாத்துப் பழகலாம். இங்க ஒரு நாளு, அங்க ஒரு நாளு. அடுத்த வருசம்..."

லயத்து வீட்டு வாசலில் கத்தரின் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவரைக்கும் புள்ள காத்திருக்குமாடா?" என்றான் மத்தியாஸ்.