அம்மோனியாவில் ஊறிய உறைகள்

நோரீன் வேலை முடிந்து கராஜுக்குள் நுழைந்தபோது, மேசை முழுக்க, சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டா உறைகள் பொன்போல மின்னின. காலையில் கரி படிந்து கறுத்துக் கிடந்தவை அவை. வால்நட் ஓட்டுத் தூளோடு டிரம்மில் போட்டு நாள்முழுக்கச் சுற்றவிட்டாலும் இந்த மினுக்கு வந்ததில்லை.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு மர ஆலை வேலை போய், அவள் வீட்டில் தங்கியிருக்கும் அண்ணன் வெர்ல், கடைசி உறையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு? அந்த டிரம்மைத் தூக்கிக் கடாசு, நோரி."

"எதுல கழுவின?"

"சிங்க்குக்கு அடியில ஒரு பாட்டில் இருந்துச்சே, அம்மோனியா. காலையிலேயே ஊறப்போட்டுட்டேன்."

நோரீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் அவள் துப்பாக்கியிலேயே சுட்டு, அதற்கென்றே வடிவம் பிடித்த உறைகள். சனிக்கிழமை மிசூலா நகரில் துப்பாக்கி சுடும் போட்டி. புதிதாக வாங்கி அந்தப் பதத்துக்குக் கொண்டுவர நேரமே இல்லை.

"அம்மோனியா பட்டா பித்தளை உள்ளுக்குள்ள விரிசல் விட்டுப்போயிடும், வெர்ல். மறுபடி வெடிமருந்தை அடைச்சுச் சுட்டா என் மூஞ்சிக்கு நேரா வெடிக்கும்."

"ஒரு கீறல்கூட இல்லையே. எங்க, காட்டு பாப்போம்."

"கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் பரவாயில்லையே."

"நான் என்ன செஞ்சாலும் உனக்குக் குறைதான். விறகு அடுக்கினாலும் குறை, நாயைக் குளிப்பாட்டினாலும் குறை."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. குனியவே முடியாதவன் பகலெல்லாம் வாளியோடு மல்லுக்கட்டியிருக்கிறான். கத்தவும் முடியாமல் போனதுதான் அவளை இன்னும் எரித்தது.

யாரும் எடுத்து மறுபடி மருந்து அடைத்துவிடக் கூடாதே என்று பிளையரை எடுத்தாள். ஒவ்வொரு உறையின் வாயையும் நசுக்கத் தொடங்கினாள். இரண்டு கோடைக்காலம் சுட்டுச் சுட்டுப் பதமாக்கிய உழைப்பு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வெர்ல் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனான்.

பாதி முடித்ததும் போட்டி நடத்துபவரைப் போனில் அழைத்து, தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். காரணம் கேட்டார். "உறை சரியில்லை" என்றாள், அவ்வளவுதான். திரும்பினால், வெர்ல் வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"தப்பு என்னுதுன்னு நான் வேணா அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். சொன்னா மட்டும் என்ன ஆகப்போகுது?"

அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, நசுங்கியவற்றைப் கழிவுப் பித்தளை போடும் வாளியில் அள்ளிப் போட ஆரம்பித்தான். கீழே உருண்டவற்றை எடுக்க முடியாமல் காலால் தள்ளினான். நோரீன் வாளியை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அடுத்த உறையை எடுத்து, தேவைக்கு மேலேயே அழுத்தி நசுக்கினாள்.