சூடு பண்ண வேண்டாம்

ஆஸ்டின் டவுன்,
பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்.

அக்கா,

இதை முனிகிருஷ்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தெருவிலிருந்து தினமும் காலை ரயிலில் இங்கே வேலைக்கு வந்து போகிறவர், தபாலை விட அவர் சீக்கிரம். சனிக்கிழமை நீ ரயில் ஏறுவதற்குள் முழுசாகப் படித்துவிடு. பையில் டப்பா ஏதாவது எடுத்து வைத்திருந்தால், படித்த பிறகு வெளியே எடுத்துவிடு.

நேற்று போனில், "மித்ரா என்னதான்டா சாப்பிடறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் "சாப்பிடறா, சாப்பிடறா" என்று மழுப்பினேன். கோபத்தில் நீ போனை வைத்ததும் தெரியும். நீ பார்த்த வீடுதானே இது, ஹாலில் தும்மினால் உள் அறையில் கேட்கும். இப்போது இந்த வீட்டில் சாப்பாட்டின் பெயரைச் சொல்லக் கூடாது. போன வாரம் வாசலில் நின்று பால்காரரிடம் தயிர் ஒரு பாக்கெட் என்றேன். உள்ளேயிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மார்பில் கட்டியை எடுத்த பிறகு மித்ராவுக்குக் கீமோ ஊசி போடுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த ஊசி அவள் மூக்கை என்னமோ பண்ணிவிட்டது. நமக்கு மணக்கிற எல்லாம் அவளுக்கு நாறுகிறது. தாளிக்கிற வாசனை, சோறு கொதிக்கிற ஆவி, டிகாஷன், எல்லாமே. நீ கொடுத்தனுப்பிய மிளகுக் கோழியின் மூடியைத் திறந்தேன். அவள் பாத்ரூமுக்கு ஓடினாள். அதைக் கீழ்வீட்டு டென்சில் அங்கிள்தான் சாப்பிட்டு முடித்தார். நன்றாக இருந்ததாம்.

டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். இதற்கு மேல் எடை இறங்கினால் அடுத்த ஊசியைத் தள்ளிப் போடுவார்களாம். தள்ளிப் போடக் கூடாத ஊசி அது என்பதையும் அவரே சொன்னார். அப்புறம் நான் என்ன செய்யட்டும்? பிரெட், ரஸ்க், இளநீர். இதிலேயே ஒரு மாதம் ஓடியது. கன்னத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

டென்சில் அங்கிளை உனக்கு ஞாபகம் இருக்கும். நம்ம ஊர் கே.ஜி.எஃப்.காரர்தான், ஆங்கிலோ இந்தியர், எதற்கெடுத்தாலும் மேன் மேன் என்பார். அவர் மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மின்சாரச் சட்டி வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். ஸ்லோ குக்கர் என்று பெயர். அடுப்பும் வேண்டாம், கிளறவும் வேண்டாம், காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடினால் மெதுவாக வெந்துகொண்டே இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

"இன்னா மேன் குணா, வொய்ஃபுக்கு பிரெட்டா குடுத்துக்கினு இருக்கே? இந்தக் குளிருக்கு ஸ்டூ வெச்சுக் குடு. காரம் இல்லே, மசாலா இல்லே, தாளிப்பு இல்லே. எப்டி நாறும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அக்கா, நான் கோழி சாப்பிடுகிறவன். கோழியைத் தொடுகிறவன் இல்லை. அந்த வேலையெல்லாம் மித்ராதான் செய்வாள், நான் வாழை இலையோடு உட்காருவேன். ரெண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை கோழிக்கடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஈரத் தரை, டிரம்முக்குள் இறக்கை அடிக்கிற சத்தம், அந்த வெதுவெதுப்பான வாடை. தோலோடும் காலோடும் வாங்கி வா என்று அங்கிள் சொல்லியிருந்தார். கால் போட்டால்தான் ஸ்டூவாம், இல்லாவிட்டால் வெறும் வெந்நீராம். அந்தக் கால்களை வெந்நீரில் போட்டு எடுத்து, மஞ்சள் தோலை உரித்து, நகத்தைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். வெட்டினேன். கையுறை கழற்றுகிற மாதிரி தோல் முழுசாகக் கழன்று என் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினேன், போகவில்லை. நான் இதுவரை ருசித்துச் சாப்பிட்ட கோழி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து நின்றன.

மஞ்சள் தூளும் கல் உப்பும் போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவினேன். கவிச்சி போகவில்லை. கறியில் போனாலும் கையில் போகவில்லை. எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தால், எலுமிச்சை வாசனை அடிக்கிற கவிச்சி ஆகிவிட்டது.

காய்களை அவள் நறுக்கித் தருகிறேன் என்றாள். பச்சைக் காய்க்கு வாடை கம்மி. ஜன்னலோரம் உட்கார்ந்து, மங்கி கேப்பும் சால்வையுமாக, கேரட், பீன்ஸ், நூல்கோல், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்கினாள். இது அவரைக்காய் சீசன். ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கிப் பிதுக்கி ஒரு கிண்ணம் பிதுக்குப் பருப்பும் எடுத்துவிட்டாள்.

"கோழியக் கழுவறீங்களா, குளிப்பாட்டறீங்களா? ஒரு மணி நேரமா தண்ணி ஓடுது."

"நாறுது மித்ரா."

"இத்தன வருஷம் நாறலயா?"

குழாயை மூடினேன்.

எல்லாவற்றையும் சட்டியில் போட்டேன். வதக்கவில்லை. பச்சைக் கறி, பச்சைக் காய், பச்சைத் தண்ணீர், உப்பு, கொஞ்சம் இஞ்சி. பார்த்தால் சமையல் மாதிரியே இல்லை, பாத்திரம் தேய்க்கிற தொட்டி மாதிரி இருந்தது. கண்ணாடி மூடியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். மத்தியானத்துக்குள் ஆகிவிடும் என்றார் அங்கிள்.

தப்பு நடந்தது இங்கேதான். நீயும் இதே தப்பைச் செய்வாய், அதனால் கவனமாகப் படி. நம் வீடுகளில் குக்கர் விசில் அடித்து நமக்குச் சொல்லும். குழம்பு கொதிக்கிற சத்தம் சொல்லும். இது எதுவும் சொல்வதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. பொறுக்க முடியாமல் மூடியைத் திறந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில் நுரை கட்டியிருந்தது, கரண்டியால் வழித்து எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து உப்புப் பார்க்கத் திறந்தேன். அப்புறம் கறி வெந்ததா என்று குத்திப் பார்த்தேன். அப்புறம் ஒரு கிளறு. திறக்கத் திறக்க அந்த வெள்ளைக் கறியின் ஆவி வீடு முழுக்கப் பரவியது. குக்கரில் வைத்தால் வாடை ஒரு கால் மணி நேரத்தில் அடங்கும். இதில் விடாமல் வருகிறது.

"என்னாங்க இது, பொணத்த வேக வெக்கறீங்களா?" என்றாள் உள்ளேயிருந்து. சால்வையை மூக்கோடு சுற்றிக் கட்டியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது.

மத்தியானம் அங்கிள் வந்து பார்த்தார். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. கறி இன்னும் ரோஸ் நிறத்தில் இருந்தது.

"எத்தினி தரம் தொறந்தே?"

"உப்புப் பாக்கத்தான் அங்கிள்."

"ஒரு தரம் தொறந்தா அரை மணி நேர சூடு காலி மேன். இது குக்கர் இல்லே. கோழி அடை காக்கற மாதிரி. நீ போய்ப் போய் அதைத் தூக்கிப் பாத்தா?"

கீழே போய்த் தன் பழைய நெக்டை ஒன்றைக் கொண்டு வந்தார். கைப்பிடி, மூடி, மறு கைப்பிடி என்று மூடியை இழுத்துக் கட்டினார். சட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், வாஷிங் மிஷின் பிளக்கில் சொருகினோம். அங்கே காற்று எடுத்துப் போகும். ஜன்னலை எல்லாம் சாத்தினேன். சட்டியைக் கூடுதல் சூட்டில் வைத்துவிட்டு நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காக்காய் ஓட்டினேன். மித்ரா அன்று மத்தியானம் ஒரு ரஸ்க்கோடு படுத்துவிட்டாள். வெந்து முடிகிறபோது சாயங்காலம்.

கறி எலும்பை விட்டுத் தானாகவே கழன்று விழுந்தது. அந்த அளவுக்கு வெந்திருந்தது. கிண்ணத்தில் ஊற்றி, ஆவி பறக்க அவள் முன்னால் வைத்தேன். அவள் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். விழுங்கவும் செய்தாள்.

"துருப்பிடிச்ச தகரத்த நக்கற மாதிரி இருக்குங்க," என்றாள். அப்புறம் வாஷ் பேசினுக்கு ஓடினாள்.

மிச்சத்தை நான் சாப்பிட்டுப் பார்த்தேன். அக்கா, அது எனக்கும் பிடிக்கவில்லை. வதங்காத தோல் நாக்கில் வழுக்கியது. உருளைக்கிழங்கு கரைந்து கூழாகியிருந்தது. அங்கிள் மட்டும் பிரெட்டைத் தொட்டு ரெண்டு கிண்ணம் சாப்பிட்டார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் மேன்" என்று கையை நக்கினார். அவரையும் எனக்கு அப்போது பார்க்க முடியவில்லை. மீதியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் தள்ளினேன். காலையில் எடுத்துக் கொட்டிவிடலாம் என்றுதான்.

காலையில் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். ஹாலில் அவள் இல்லை. சமையலறையில் பிரிட்ஜ் திறந்து கிடந்தது. அதன் முன்னால் தரையில், அதே மங்கி கேப்போடு உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா.

அந்த டப்பா எப்படி இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அப்போதுதான் சனிக்கிழமை நீ திடுக்கிட மாட்டாய். மேலே மெழுகு உருக்கி ஊற்றின மாதிரி வெள்ளைக் கொழுப்பு. அதைக் கரண்டியால் உடைத்து ஓரம் கட்டியிருந்தாள். கீழே குழம்பு குழம்பாக இல்லை, ஆடுகிற கூழ் மாதிரி உறைந்திருந்தது. அந்தக் கால்களில் இருக்கிற பிசின் அப்படிச் செய்யுமாம். ஒரு கால் மட்டும், விரல் விரித்துக்கொண்டு, மேலே நீட்டியிருந்தது. அதைத் தள்ளிவிட்டு, ஜில்லென்று தளதளவென்று ஆடுவதை ஸ்பூனில் எடுத்து அவள் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் நிறைய எச்சில் ஊறியது. பசி எச்சில் இல்லை, மற்றது.

"சூடு பண்ணித் தரேன், குடு," என்றேன்.

"பண்ணீங்கன்னா உங்க தலையிலயே ஊத்துவேன். சூடு பண்ணாத்தான் நாறுது. இது ஒண்ணுமே நாறல."

"அது வேண்டாம் மித்ரா. பாரேன் அத. கொழகொழன்னு."

"தொண்டைக்கு ஜில்லுனு இருக்கு. பிதுக்குப் பருப்பு நல்லா வெந்திருக்கு." இன்னொரு ஸ்பூன் போனது. அப்புறம் என்னைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். "அப்டி மூஞ்ச வெச்சுக்கினு பாக்காதீங்க. உங்களப் பாத்தாத்தான் எனக்கு வாந்தி வருது. நேத்தும் என் வாயையே பாத்துக்கினு நின்னீங்க. திரும்புங்க அந்தப் பக்கம்."

திரும்பி நின்றேன். சுவரில் மளிகைக் கடைக் காலண்டர் இருந்தது. அதில் இருந்த பஞ்சாங்கத்தை எல்லாம் படித்தேன். பின்னால் ஸ்பூன் டப்பாவின் அடியில் உரசுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறாள்.

அங்கிளிடம் சொன்னேன். "கோல்ட் ஸ்டூவா? சீ. எங்க நாய் டைகர் கூட மோந்து பாக்காது மேன்," என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மெர்சி சிஸ்டர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. அவளும் நம்ம ஊர்ப் பெண்தான். "நெறைய பேருக்கு அப்படித்தாண்ணா. சூடா இருந்தா வாடை மூக்குல ஏறும், ஆறினா ஏறாது. நல்லா வேகட்டும், உடனே பிரிட்ஜ்ல வைங்க, மறுநாளுக்குள்ள முடிச்சிருங்க. மேல இருக்கிற கொழுப்ப எடுத்துருங்க," என்றாள்.

ஆக, இப்போது நான் தினம் விட்டு தினம் கோழிக் கால் நகம் வெட்டுகிறேன். பழகிவிட்டது என்று எழுத ஆசைதான், பழகவில்லை. காலையில் அந்த வெள்ளைப் படலத்தை வழித்து எடுக்கும்போது அது விரல் நகத்துக்குள் ஏறிக்கொள்கிறது, சோப்புக்கும் போவதில்லை. ஆபீசில் பேனா பிடித்தால் எனக்கே மணக்கிறது. நேற்று எடை பார்த்தார்கள். ஏறவில்லை. குறையவும் இல்லை. ஊசியை நாள் தள்ளாமல் வியாழக்கிழமையே போடுகிறார்கள்.

நீ வருவது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சில விஷயம். கருவாடு வேண்டாம். தலைக்கு அந்த மூலிகை எண்ணெய் வைத்துக்கொண்டு வராதே, மல்லிகைப் பூவும் வேண்டாம். சட்டி மாடியில் இருக்கும், நெக்டையை அவிழ்க்காதே. நீ அவிழ்ப்பாய், எனக்குத் தெரியும், அதனால்தான் ரெட்டை முடிச்சுப் போட்டிருக்கிறேன். எதையும் சூடு பண்ணாதே, நல்ல எண்ணத்தில் கூடச் சூடு பண்ணாதே.

கடைசியாக ஒன்று. அவள் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். "உங்களுக்கே அருவருப்பா இருக்கறத எனக்கு எப்படிக் குடுப்பீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து முதல் ஸ்பூன் எனக்கு. அவள் எதிரில் நின்று, அந்த ஜில்லென்று ஆடுவதை வாயில் போட்டு, முகம் மாறாமல் விழுங்க வேண்டும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். புருவம் அசைந்தால் டப்பாவை மூடிவிடுவாள். முதல் நாள் மூடியே விட்டாள். அன்று மத்தியானம் வரை கெஞ்சினேன். இப்போது உள்ளே எல்லாம் புரண்டாலும் முகம் மட்டும் புரளாமல் விழுங்கக் கற்றுக்கொண்டேன். விழுங்கி முடித்ததும், "ம், குடுங்க," என்று கை நீட்டுவாள்.

நீ வருகிறாய் என்று சொன்னேன். "உங்க அக்கா மூஞ்சியில எல்லாம் தெரியுமே," என்றாள். அதனால் ரயிலில் வரும்போதே பழகிக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலை ரெண்டாவது ஸ்பூன் உனக்கு.

உன் தம்பி,
குணசேகர்