வடமுனை என்றான்

என் கணவன் பாலே வரி கட்டுவதில் பொய் சொல்ல மாட்டான், சீட்டாட்டத்தில் பொய் சொல்ல மாட்டான். கடல் ட்ரவுட் மீன் எங்கே கிடைத்தது என்று கேட்டால் மட்டும் வாய் கூசாமல் பொய் சொல்வான். எங்கள் தீவின் தென்கரையில் தூண்டில் பிடிக்கும் எல்லா ஆண்களும் இப்படித்தான். காரை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு வேறோர் இடத்துக்கு நடந்து போவார்கள். என்னிடமும் உண்மை வராது. கேட்டால், "உன்கிட்ட சொன்னா எபேகிட்ட சொன்ன மாதிரி" என்பான்.

எபே எதிர்வீட்டுக்காரன், பள்ளிக்காலத்திலிருந்து பாலேயின் நண்பன். மீன் விஷயத்தில் மட்டும் ஜென்மப் பகையாளி.

அந்த ஏப்ரலில் மேற்குக் காற்று விடாமல் அடித்து, கடல்நீரை எங்கள் கரையிலிருந்து கிழக்கே தள்ளிக்கொண்டு போயிருந்தது. தூரத்துக் கல்திட்டுகளுக்கும் நடந்தே போகலாம் என்ற நிலை. பாலே காலையிலேயே நெஞ்சுவரை வரும் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மதியம் எபே எங்கள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, வாசல் கொடிமரத்தின் கயிறு அடித்துக்கொள்ளும் சத்தம் சட்டென்று நின்றது. எபே எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

"காத்து நின்னுடுச்சு, குன்வோர். தள்ளிட்டுப் போன தண்ணியெல்லாம் இப்ப திரும்பி வரும். பனிமூட்டம் வேற இறங்குது. அவன் எங்க?"

போன் போட்டேன். நல்லவேளை, எடுத்தான்.

"தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு," என்றான். பல் தந்தியடித்தது. "கரை எந்தப் பக்கம்னே தெரியல. எல்லாம் வெள்ளையா இருக்கு."

"எங்க இருக்கே? சொல்லு!"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பக்கத்துல எபே இருக்கானா?"

"ஆமா, இருக்கான். எங்க இருக்கேன்னு சொல்லுடா!"

"வடமுனை," என்றான். அதோடு போன் செத்துவிட்டது.

மீட்புப் படகுக்காரர்களைக் கூப்பிட்டு வடமுனை என்று சொன்னேன். கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பினால் எபே நகரவே இல்லை. காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்டால் அப்படித்தான் செய்வான்.

"அவன் வடமுனையில இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பாதிரி வயலுக்குக் கீழ ஒரு கல்திட்டு இருக்கு. மூணு வருஷமா அங்கதான் போறான். நான்... பைனாகுலர் வச்சு பாத்தேன். அவன் இல்லாதப்ப நானும் போவேன்."

"திருட்டுப்பயலே!" என்று கத்தினேன். அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது.

காரில் போகும்போதே மீட்புப் படகுக்கு மறுபடி சொன்னேன். முனையைச் சுற்றி வர நேரமாகும் என்றார்கள். வயல் முடிவில் காரை நிறுத்தினேன். காலையில் மணலாக இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

எபே வீட்டிலிருந்து எடுத்துவந்த தன் ரப்பர் உடையை மாட்டினான்.

"நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. அதுல மேடான வழி எனக்குத் தெரியும். நீ ஹாரனை விடாம அடி. அந்தச் சத்தம்தான் எங்களுக்குக் கரை."

இரண்டு எட்டு வைத்தான், பனிமூட்டம் அவனை விழுங்கிவிட்டது. நான் ஹாரனை அழுத்தினேன். கை வலித்தபோது முழங்கையால் அழுத்தினேன். இடையில் ஒருமுறை நிறுத்திக் காது கொடுத்தேன். "பாலே!" என்று எபே கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். பதில் இல்லை. இரண்டு பேரையும் தின்றுவிடுமா இந்தக் கடல்? கடவுளையும் பாலேயையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே மறுபடி ஹாரனை அழுத்தினேன்.

முதலில் இருமல் சத்தம்தான் கேட்டது. பிறகு மார்பளவுத் தண்ணீரில், ஒருவன் கழுத்தை ஒருவன் பிடித்தபடி இரண்டு பேரும் வந்தார்கள்.

காருக்குள் போர்வையைச் சுற்றினேன். பாலேயின் உதடு நீலம் பூத்திருந்தது. அவன் கேட்ட முதல் கேள்வி: "இந்த இடம் எபேக்கு எப்படித் தெரியும்?"

"சாகப்போற நேரத்துலயும் எங்கிட்ட பொய் சொன்னியேடா," என்றேன். அழுதுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் போன ரொட்டிக்கடை வரிசையில் ஊர்த் தூண்டில்காரர்கள் பாதிப்பேர் நின்றார்கள். "எங்க மாட்டினே, பாலே?" என்று ஒருவர் கேட்டார்.

"வடமுனை," என்றார்கள் பாலேயும் எபேயும் ஒரே குரலில்.

நான் ரொட்டிப் பையைக் கீழே வைத்தேன்.

"பாதிரி வயலுக்குக் கீழ இருக்கிற கல்திட்டு," என்றேன், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "பள்ளத்துல மேடான வழி இருக்கு. எபே காட்டுவான். மீன் கொட்டிக் கிடக்கு."

பாலே ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை வயலோரம் வரிசையாகக் கார்கள் நின்றன. தண்ணீரில் தோளோடு தோள் இடிக்க ஆட்கள். அவர்கள் நடுவே என் கணவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தூண்டில் வீசிக்கொண்டிருந்தான். இனி அவன் முழுகினால் பத்துப் பேராவது பார்ப்பார்கள். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் காபி போட்டேன்.