சாம்பிராணிப் புகை போன திசை

சாந்தாமணி வீட்டு மாரியம்மன் சாம்பிராணியைக் கையேந்தி வாங்கிக்கொள்கிறாள் என்ற செய்தி, அவள் கடல் கடந்து வந்து குடியிருக்கும் பேர்லேண்ட் ஊர் முழுக்கப் பரவியது. பரப்பியது வேறு யாருமில்லை, சாந்தாமணிதான். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற பெண்களிடம் கையில் இஞ்ச் டேப்பை வைத்துக்கொண்டே சொல்வாள். நம்பாதவர்களை வெள்ளிக்கிழமை வரச் சொல்வாள்.

வந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். வேறு எந்த வீட்டிலும் சாம்பிராணிப் புகை மேலே போகும். இங்கே அது ஒரு சாண் எழும்பும், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பும், நேராக அம்மன் படத்தின் பின்னால் போய் மறைந்துவிடும். படத்துக்குப் பின்னால் இருந்த கதவை மறைத்துக் கட்டியிருந்த சிவப்புப் பட்டுத்துணிகூட அந்த நேரத்தில் கதவோடு கதவாக ஒட்டிக்கொள்ளும். டாக்டருக்குப் படித்த ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆன்ட்டி, எனக்கு கூஸ்பம்ப்ஸ் வந்துடுச்சு" என்றாள். சாந்தாமணிக்கு அன்று இராத்திரி சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

பெருமைப்பட அவளுக்கு வேறென்ன இருந்தது? இருந்தது, ஒன்றே ஒன்று. அந்த வீடு.

மொபைல் ஹோம்தான். லாரியில் கொண்டுவந்து இறக்கி, கீழே கட்டைகளில் நிறுத்தி, சுற்றிலும் தகரப் பாவாடை கட்டிவிட்ட நீளமான பெட்டி வீடு. ஈரோட்டு வீட்டை விற்ற காசில் தன் பெயரில் வாங்கினாள். மகன் முகிலனின் பெரிய வீடு காரில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தது. அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் ஷ்ரேயா முகம் கோணியதே கிடையாது. ஆனால் அங்கே ஒரு கரண்டியை எடுத்தால்கூட எங்கே திருப்பி வைப்பது என்று கேட்க வேண்டியிருந்தது. இங்கே கரண்டியைக் கட்டிலுக்கு அடியில் போட்டாலும் கேட்க ஆளில்லை. அறுபத்தோரு வயதில் முதன்முறையாகக் கிடைத்த அந்தச் சுகத்தை அவள் யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. சொன்னால் மகன் மனசு நோகும்.

ஆகஸ்ட் வந்தது, வீடு வெந்தது.

ஏ.சி. ஓடிக்கொண்டேதான் இருந்தது. சத்தத்துக்குக் குறைச்சலே இல்லை. காற்றுதான் வரவில்லை. இந்த மாதிரி வீடுகளில் குளிர்காற்று தரையில் இருக்கிற கம்பி மூடிகள் வழியாக வரும். சாந்தாமணி லைனிங் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒவ்வொரு மூடி மேலும் பிடித்துப் பார்த்தாள். முன்னறையில் அது சோம்பலாக அசைந்தது. பின்னால் இருக்கிற படுக்கையறையில் அசையவே இல்லை. தையல் மெஷினில் உட்கார்ந்தால் நெற்றி வியர்வை அடுத்தவர் பட்டில் சொட்டியது.

முகிலன் வந்து, வீட்டுச் சூடு எண்பத்தாறு ஃபாரன்ஹீட் என்று சுவரில் காட்டிய எண்ணைப் பார்த்தான். பிறகு சாமி இருக்கும் பக்கம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அம்மா, திஸ் இஸ் நாட் சேஃப். உனக்கு பிபி வேற. சண்டே வண்டி எடுத்துட்டு வர்றேன், நம்ம வீட்டுக்கு வந்துடு. இத வித்துடலாம்."

"ரிப்பேர் பண்ணிப் போடலாங்கண்ணு."

"பழைய வீடும்மா. எத்தனைன்னு ரிப்பேர் பண்ணுவே?"

"சரியாப் போச்சுன்னா?"

"சரியாப் போச்சுன்னா இரு. நான் ஏன் வேண்டாங்கறேன்?" என்றான். குரலில் நம்பிக்கை இல்லை.

அன்று புதன்கிழமை. பிள்ளை சொன்னால் சொன்னதுதான், அப்பனைப்போல. சாந்தாமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

முதலில் பின்னறை மூடியின் மேல் இருந்த அரிசி மூட்டையை நகர்த்தினாள். பிறகு ஒரு மேதாவித்தனம் செய்தாள். புழங்காத குளியலறை மூடியை அட்டை வைத்து அடைத்தால் அந்தக் காற்று மற்ற இடத்துக்குப் போகும் என்று கணக்குப் போட்டாள். காற்று அவள் கணக்குக்கு வரவில்லை. வியாழக்கிழமை அதே வளாகத்தில் குடியிருக்கும் கர்ட்டிஸைக் கூப்பிட்டாள். எழுபது வயதிருக்கும் நெட்டை மனிதர், அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவர்தான் சில்லறை வேலை பார்ப்பவர். தகரப் பாவாடையை விலக்கி வீட்டின் அடியில் ஊர்ந்து போனார். அங்கே ஓடும் பெரிய காற்றுக்குழாய் ஓரிடத்தில் கழன்று, பாதிக் குளிர் தெருப்பூனைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சேர்த்து ஒட்டிவிட்டு வந்தார். லைனிங் துண்டு முன்னறையில் கொஞ்சம் எழும்பியது. பின்னறையில் செத்த மாதிரிதான் கிடந்தது.

கை கழுவ உள்ளே வந்த கர்ட்டிஸ் நடைவழியில் மாரியம்மனைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கும்பிடும் இடத்தில் கை வைக்காத மனிதர். போகும்போது மட்டும், மெஷின் வெளியே விட வேண்டுமானால் முதலில் உள்ளே இழுக்க வேண்டும் அம்மா, அது இழுக்கிற இடம் எங்கே என்று பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று சாந்தாமணியும் தமிழில் அதை ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் குளித்துவிட்டுத் தூபக்காலில் கங்கு போட்டு சாம்பிராணி தூவினாள். "ஆத்தா, இந்த வீட்டை மட்டும் எங்கிட்ட இருந்து பிடுங்கீராதே" என்று வாய்விட்டு வேண்டினாள். புகை எழும்பியது, திரும்பியது, படத்தின் பின்னால் போனது. பட்டுத்துணி கதவோடு ஒட்டிக்கொண்டது.

இழுக்கிற இடம்.

சாந்தாமணி தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மூளை சொன்னதை மனசு கேட்க மாட்டேன் என்றது. கொஞ்ச நேரம் அந்த வழக்கு நடந்தது. கடைசியில் இரண்டடி நகர்ந்து, சுவரில் இருந்த ஏ.சி. ஸ்விட்சை அணைத்தாள்.

மெஷின் ஓய்ந்தது. பட்டுத்துணி தொளதொளவென்று தொங்கியது. புகை எல்லா வீட்டுப் புகையையும்போல நேரே மேலே போனது.

மறுபடி போட்டாள். புகை திரும்பியது. மறுபடி அணைத்தாள். மேலே போனது. மூன்றாவது தடவை பார்க்க அவளுக்குத் துணிவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகை நடுவிலேயே சிரிப்பும் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி பாவம் தரையெல்லாம் தவழ்ந்து தேடிக்கொண்டிருக்க, சாமியல்லவா வழியை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்!

தை மாதம் பால் காய்ச்சிய அன்று, நடைவழியில் இடுக்கு விட்டுப் பலகை பலகையாகச் சாய்த்து அடித்த அந்தக் கதவைப் பார்த்து முகிலன்தான் சொன்னான், "அம்மா, ரெடிமேட் பூஜை ரூம்!" அவனேதான் ஆணி அடித்து, துணி கட்டி, படங்களை மாட்டினான். குளிர்காலம், ஏ.சி.யை யார் நினைத்தார்கள்? உள்ளே ஏதோ மெஷின் இருக்கிறது என்று தெரியும். பலகை இடுக்கு வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது என்று தெரியாது. கம்ப்யூட்டர்காரனான மகனுக்கும் தெரியவில்லை, தையல்காரிக்கும் தெரியவில்லை.

கற்பூரம் ஏற்றி, "எடத்தை மாத்தறேன் ஆத்தா, கோவிச்சுக்காதே" என்று உத்தரவு கேட்டுவிட்டுப் படங்களை இறக்கினாள். கதவைத் திறந்தாள். உள்பக்கம் காற்றை வடிகட்டும் ஒரு பஞ்சுத் தடுப்பு இருந்தது. ஏழு மாதச் சாம்பிராணியும் கங்குப் புகையும் ஏறி, தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி கறுத்திருந்தது. தொட்டியில் போட்டு அலசினாள். தண்ணீர் தெளிய எத்தனை வாளி ஆனதென்று அவள் எண்ணவில்லை. காயவைத்து மாட்டி, கதவைச் சாத்தி, ஸ்விட்சைப் போட்டாள்.

பின்னறை மூடி மேல் வைத்த லைனிங் துண்டு பறந்து போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது.

மாலையில் இரண்டு பெண்கள் புகை பார்க்க வந்தார்கள். கிழக்குப் பக்க ஜன்னலோரம் ஸ்டூலில் அமர்ந்திருந்த அம்மன் முன்னால் புகை சும்மா மேலே போனது. "என்ன ஆன்ட்டி, இன்னைக்கு வாங்கிக்கலையா?" என்றாள் ஒருத்தி. ஒரு பொய் தொண்டை வரைக்கும் வந்தது. சாந்தாமணி அதை முழுங்கிவிட்டு, "அது ஏ.சி. இழுத்ததும்மா. நாந்தேன் ஏமாந்து உங்களையும் ஏமாத்திப் போட்டேன்" என்றாள். முகம் சுட்டது. வீடு மட்டும் குளுகுளுவென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முகிலன் காலி அட்டைப்பெட்டிகளோடு வந்தான். கதவைத் திறந்தவன் வாசலிலேயே நின்றான். குளிர் முகத்தில் அடித்தது. பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு நடைவழிக்குப் போனான். வெறும் கதவையும் ஆணிகளையும் பார்த்தான். திரும்பி ஜன்னலோரம் இருந்த அம்மனைப் பார்த்தான்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

அவன் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டான். இருபது வருடம் ஜாக்கெட் தைத்தவளுக்கு அரை இஞ்ச் வித்தியாசம் தெரியாமல் போகுமா?

"உனக்கு எப்பத் தெரியும் கண்ணு?"

முகிலன் சோபாவில் உட்கார்ந்தான்.

"மே மாசம். நீ ஃப்ரைடே எங்களைக் கூப்பிட்டியே, ஷ்ரேயாவும் நானும் வந்தோம். துணி ஒட்டிக்கிட்டதப் பார்த்ததும் புரிஞ்சுடுச்சு."

"சொல்லியிருக்கலாமல்ல?"

"எப்படிம்மா சொல்றது? அப்பா போனதுக்கு அப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பார்க்கவே இல்ல. எல்லாரையும் கூப்பிட்டு கூப்பிட்டு காட்டினே. அது வெறும் ரிட்டர்ன் ஏர், மெஷின் உள்ள இழுக்கற காத்துதான்னு நான் வந்து சொல்லணுமா? அதான்... நம்ம வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டா நீ அதத் தெரிஞ்சுக்கவே வேண்டாம்னு..."

சாந்தாமணிக்குக் கோபம் வந்தது. கோபத்தின் பின்னாலேயே பிள்ளை மேல் பாசமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆத்தா எங்கூட இருக்கான்னு நான் நம்பறதுக்குப் புகை வேணுமாக்கும்? மாரின்னா என்ன கண்ணு? குளுமை. அவ நகர்ந்து உக்காந்தா, வீடே குளுந்துபோச்சு. இதுக்கு மேல நீ என்ன அதிசயம் கேக்கறே?"

அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"நாலு ஆணியைப் பிடுங்கச் சங்கடப்பட்டுக்கிட்டு, பெத்தவளை வேரோட பிடுங்கப் பாத்தியே" என்றாள் சாந்தாமணி.

முகிலன் எழுந்து போய், நடைவழிக் கதவில் மிச்சமிருந்த ஆணிகளைத் தடவிப் பார்த்தான். "அம்மா, சுத்தியல் எங்க வெச்சிருக்கே?" என்றான்.

"கட்டிலுக்கு அடியில பாரு" என்றாள் சாந்தாமணி.