ஏலம் போன ஆர்க்கிட்

சுஜீந்திரன் ஒருவரை "அண்ணே" என்று அழைத்தால், அவரிடமிருந்து ஏதோ கையெழுத்து வேண்டியிருக்கிறது என்று பொருள். மற்ற நாள்களில் நடேசன் அவருக்கு வெறும் நடேசன்தான். அதுவும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டிய நடேசன்.

"அண்ணே, உட்காருங்க. கோப்பி சொல்லட்டுமா?"

டன்லப் ஸ்திரீட் கடைவீட்டின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கேம்பல் லேன் மாலைக்கடைகளுக்கு ஆர்க்கிட் பூ கொடுக்கும் நிறுவனம். மாமனார் கண்மூடியபோது நாற்காலி சுஜீந்திரனுக்கு வந்தது. நாற்காலியோடு அறிவும் வரும் என்று அவர் நம்பினார். ஆர்க்கிட் செடியை அவர் நேரில் பார்ப்பதெல்லாம் ஹோட்டல் வரவேற்பறைகளில்தான்.

நடேசனுக்கு அறுபத்து நான்கு வயது. நிறுவனத்தின் கிராஞ்சித் தோட்டத்தில் பதினேழு ஆண்டுகளாக ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி, முளைத்ததை வளர்த்து, பிடிக்காததைக் கழித்து, மறுபடி தடவிக்கொண்டிருந்தார். அதில் ஒன்று தேறியது. வெள்ளை இதழ், ஊதா விளிம்பு. மாலையில் கோத்தால் ஐந்து நாள் வாடாது.

அந்தச் செடிக்குத்தான் இப்போது புதிய தாவர வகை உரிமை, அதாவது அதை வளர்த்து விற்கும் தனி உரிமை, கேட்டு விண்ணப்பம் போகிறது. இங்கே பதிவு செய்துவிட்டால், ஓராண்டுக்குள் இதற்கான உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற நாடுகளிலும் அதே தேதியைக் காட்டி உரிமை கேட்கலாம். பரிசோதகர் அந்தச் செடியையும் அதற்கு மிக நெருங்கிய பழைய வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, இதழின் நீளம், நடுவில் உதடுபோல நீண்ட இதழின் நிறம், தண்டுக்கு எத்தனை பூ என்று அளந்து பார்ப்பார். மற்ற வகைகளிலிருந்து அது தனித்துத் தெரிய வேண்டும். எல்லாச் செடிகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும். கன்று மேல் கன்று எடுத்தாலும் குணம் மாறக் கூடாது. இத்தனையிலும் சுஜீந்திரன் மனத்தில் நின்றது ஒன்றுதான்: பூவுக்குத் தன் மகள் பெயரை வைக்கலாம்.

விண்ணப்ப வேலைகளைப் பார்க்கும் சங்கீதா படிவத்தை நடேசன் பக்கம் நகர்த்தினாள்.

"அங்கிள், உருவாக்கியவர் நீங்கங்கிறதால இந்த உறுதிமொழில உங்க கையெழுத்து வேணும். ஒரு கேள்விதான் பாக்கி. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே இந்தச் செடிய இங்க வித்திருக்கா? வித்திருந்தா புதுசுன்னு சொல்ல முடியாது."

"இல்லைன்னு போடும்மா," என்றார் சுஜீந்திரன்.

நடேசன் கோப்பியைக் கீழே வைத்தார்.

"ஒரு தொட்டி போயிருக்கு சார்."

"எங்க போயிருக்கு?"

"கோயிலுக்கு. மொத மொதல்ல பூத்த தொட்டி. உங்க மாமனார் பெரியவர்கிட்ட கேட்டேன், 'சாமிக்குத்தானே, கொடு'ன்னாரு. நவராத்திரி கடைசி நாள் ஏலம் விட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

சாமிக்கு வைத்த பழம், புடவை, எலுமிச்சை எல்லாம் விழா முடிவில் ஏலம் போவது வழக்கம். வீட்டுக்கு அருள் வருகிறது என்று பக்தர்கள் போட்டி போட்டு எடுப்பார்கள். சுஜீந்திரன் சிரித்தார்.

"கோயில் ஏலம் எப்படி விற்பனையாகும்? அது பக்தி லா."

"போன வருஷம் ஏலத்துல ஒரு மாம்பழம் வாங்கினேன்னு மூணு மாசம் இங்க சொல்லிக்கிட்டிருந்தீங்க சார்," என்றாள் சங்கீதா. "பக்தி பண்ணேன்னு சொல்லல."

அவர் அதைக் கேட்காததுபோல இருந்தார். கேட்காததுபோல இருப்பதில் மட்டும் அவருக்கு முறையான பயிற்சி உண்டு.

"யாருண்ணே எடுத்தது?"

"பிடோக்ல சரஸ்வதின்னு ஒரு அம்மா. கோயில்ல பழக்கம்."

"ஒரே ஒரு தொட்டி. போய்த் திரும்ப வாங்கிடுவோம். வாங்கிட்டா வித்தது இல்லைன்னு ஆயிடும்ல?"

வெளிநாட்டில் மூன்று ஆண்டு படித்துப் பெற்ற சட்ட அறிவு அது. அவித்த முட்டையைக் கோழியிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்களிடம் என்ன பேசுவது? சங்கீதா படிவத்தைப் பையில் வைத்தாள்.

"உங்க கான்ட்ராக்ட் லெட்டரும் என் மேசையிலதான் இருக்கு அண்ணே," என்றார் சுஜீந்திரன், சாவியை எடுத்துக்கொண்டே. "இந்த மாசத்தோட முடியுதுல்ல? ரெண்டுலயும் ஒண்ணாவே கையெழுத்து போட்டுடலாம்."

நடேசனுக்குப் புரிந்தது. குவீன்ஸ்டவுனில் தனியாக இருக்கிறவர் அவர். சம்பளம் இல்லாமல் எப்படியாவது ஓட்டிவிடலாம். காலையில் எழுந்து பார்க்கச் செடிகள் இல்லாமல் எப்படி இருப்பது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. காரின் பின்னிருக்கையில் சங்கீதாவுக்குப் பக்கத்தில் கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவந்தார்.

பிடோக்கில் ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. சுஜீந்திரன் ஓர் அடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நடைபாதை நெடுகிலும் வெள்ளை இதழ், ஊதா விளிம்பு. செருப்பு அடுக்கின் மேல் ஒன்று, சைக்கிள் பக்கத்தில் ஒன்று, துணிக்கொடிக்குக் கீழே ஒன்று.

"வாங்கண்ணே, வாங்க தம்பி," என்று சரஸ்வதி கதவைத் திறந்தார். "நம்ம சாமி பூவப் பாக்கவா வந்தீங்க? தண்டுல பக்கக் கன்னு விட்டுச்சு. சாமி கொடுத்தத நாம மட்டும் வச்சுக்கலாமா? கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தேன்."

"எத்தனை பேருக்கு?" சுஜீந்திரனின் குரல் இறங்கியிருந்தது.

"இந்த மாடில ஆறு. பத்தாவது மாடிக்கும் போச்சு. நான் எங்க எண்ணுனேன்?"

அடுத்த வீட்டு மைமூன் எட்டிப் பார்த்தார். "எங்க வீட்ல நோன்புப் பெருநாளைக்குச் சரியா பூத்துச்சு. மாமியாருக்கு அவ்ளோ சந்தோஷம்."

நடேசன் யாரையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, தண்டில் பூக்களை எண்ணி, இதழை விரலால் அளந்துகொண்டு போனார். ஒன்றுக்கு நாள் முழுக்க வெயில். ஒன்றுக்கு நிழல். ஒன்றுக்கு அரிசி கழுவிய தண்ணீர். ஒன்றுக்கு யாராவது ஞாபகம் வந்தால் தண்ணீர். எல்லாவற்றிலும் அதே உதடு, அதே விளிம்பு. பரிசோதகர்கள் பல மாதம் வளர்த்து அளந்து பார்ப்பதை, பிடோக்கின் ஒன்பதாம் மாடி யாரும் கேட்காமலே செய்து முடித்திருந்தது. கொடுத்தவர் அறிக்கை எழுதவில்லை. வாங்கியவர் முத்திரை கேட்கவில்லை. இறைவன் இப்படிப்பட்டவர்களிடம்தான் வேலை வாங்குகிறான். நாற்காலிகளை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறான்.

"அக்கா, ஒரு சின்ன லெட்டர் வேணும்," என்றார் சுஜீந்திரன். "ஏலத்துல எடுத்தது வேற செடி, இது தேக்கா மார்க்கெட்ல வாங்குனதுன்னு."

சரஸ்வதி வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"சாமி முன்னாடி கையத் தூக்கி எடுத்தது தம்பி. எடுக்கலன்னு எழுதச் சொல்றீங்களா?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி லா."

"அப்ப நீங்களே எழுதிக்குங்க. உங்க பேர்ல."

"பாவம்கா, ஒரு கன்னு கொடுத்து அனுப்புங்க," என்றார் மைமூன். "அவங்க வீட்ல செடி இல்ல போல."

கீழே இறங்கியதும் சுஜீந்திரன் அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில் இருந்த கல் மேசையைக் காட்டினார். மேலே தோற்றவர் கீழே வீரராகிவிட்டார்.

"லெட்டர் வேணாம். எந்த அதிகாரி ஒன்பதாவது மாடிக்கு ஏறி வரப் போறாரு? 'இல்லை'ல டிக் போடுங்க அண்ணே. நாளைக்கே உங்க லெட்டர் வந்துடும்."

சங்கீதா படிவத்தை மேசைமேல் வைத்தாள். பேனாவை நீட்டவில்லை. நடேசன் கேட்டபிறகுதான் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேள்வியை இரண்டு முறை படித்தார். 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

"விவரம் கேட்டிருக்கும்மா. கட்டம் சின்னதா இருக்கே. சாமி பேரும் எழுதணுமா?"

"வேணாம் அங்கிள். கோயில் ஏலம், ஒரு தொட்டி, தேதி. அது போதும்."

அவர் எழுதி, கையெழுத்தும் போட்டார். சுஜீந்திரன் படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தார்.

"பதினேழு வருஷத்தையும் ஒரு டிக்ல தொலைச்சுட்டீங்க, நடேசன்."

அண்ணன் முறை அத்தோடு முடிந்தது.

"தொலையல சார். மேல ஆறு வீட்ல இருக்கு."

கார் நடேசனையும் சங்கீதாவையும் விட்டுவிட்டுப் போயிற்று. விண்ணப்பம் எங்கும் போகவில்லை. மாலைக்கடைகள் இன்றும் அந்தப் பூவை வாங்குகின்றன. மகள் பெயர்தான் அதற்குக் கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் நடேசன் கிராஞ்சித் தோட்டத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட சுஜீந்திரன் தலை நிமிரவில்லை. ஏதோ வேலையில் மும்முரமாக இருந்தாராம்.

அடுத்த வாரமே சரஸ்வதி போன் செய்தார்.

"அண்ணே, மைமூன் வீட்டுச் செடில வெள்ளையா பஞ்சு மாதிரி பூச்சி ஒட்டியிருக்கு. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா? பத்தாவது மாடிலயும் கேக்குறாங்க. காலைலயே வந்துட்டீங்கன்னா தோசை சாப்டுட்டு ஆரம்பிக்கலாம்."

நடேசன் ஒரு பழைய பல் துலக்கியையும் சோப்புத் தண்ணீரையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.